அடுத்தவன் வேகம்

இங்ஙன உக்காந்துக்கிடட்டுமா தம்பி? லேடீஸ் சீட்டுல எள்ளு விழ இடமில்லை. கொஞ்சம் நகந்தாப் போதும். ஆங், போதும், போதும். நல்லா இருங்க.

தனியா வரலை. எங்க வீட்டுக்காரங்க வந்திருக்காக. அந்தா, கடைசி சீட்டுல நீலச் சட்டை. முன்னால டிரைவருக்குப் பின்னால இடம் சும்மாத்தான் கிடந்துச்சு. "அங்க உக்காருங்க, காத்தாட இருக்கும்"னேன். கேக்காத மாதிரி பின்னால போயிட்டாக. இப்பல்லாம் அப்படித்தான். நான் கிழக்கன்னா அவுக மேக்க.

நீங்க எந்தூரு? அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எங்க ஊரு தென்காசிக்கு இந்தப் பக்கம். எங்க ஊருல 'மாஸ்டர்'னு சொன்னா யாரும் பள்ளிக்கூட வாத்தியார நினைக்க மாட்டாங்க. அவுகளத்தான் நினைப்பாங்க. டிரைவிங் ஸ்கூல் வச்சிருந்தாக. ஆவுடையப்பன்னு பேரு. ஊருல கார் ஓட்டுதவங்கள்ல பாதிப் பேரு அவுககிட்டக் கத்துக்கிட்டவங்கதான். டாக்டரு, ஜவுளிக்கடை மொதலாளி, போலீஸ்காரங்ககூட உண்டு. புதுசா வாற ஆளுக்கு மொத நாளு கியரைத் தொட விட மாட்டாக. பிரேக்குதான். பிரேக்க மிதி, விடு, மிதி, விடு. "என்ன மாஸ்டர், வண்டி எப்பத்தான் நகரும்?"னு கேப்பாங்க. "நிக்கக் கத்துக்கிட்ட பெறகு நகரும்"பாக. வீட்டுலயும் அதே குணந்தான். அடுப்புல பால் பொங்குதேன்னு நான் ஓடுனாக்கூட, "மெதுவா உலகு, மெதுவா"ம்பாக. உலகம்மாள்னு என் பேரு.

நல்ல மனுசன் தம்பி. குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆனா ஒண்ணப் பிடிச்சா உடும்புப்பிடி. அதுதான் எங்க வீட்டுக்கு வந்த சனி.

ஊருக்கு வெளிய பைபாஸ் போட்டாங்கள்லா, அதுல பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு இடம். நாப்பதுக்கு மேல போகக்கூடாதுன்னு போர்டு. நியாயமான சட்டந்தான். அந்தப் போர்டு வைக்கணும்னு ஊர்க்காரங்க மனு கொடுத்தப்ப, மொதல்ல கையெழுத்துப் போட்டது யாருங்கீக? அவுகதான்.

அன்னைக்கு ரெஜினா டீச்சர் கார் பழக வந்திருந்தாக. அதே பள்ளிக்கூடத்து டீச்சர்தான். பாலத்து ஏத்தத்துல வண்டிய ஆஃப் பண்ணிட்டு, பின்னால லாரிக்காரன் ஆரன் அடிக்க, டீச்சர் பயந்துட்டாகளாம். "நீங்களே ஓட்டுங்க மாஸ்டர், எனக்கு வேண்டாம்"னு இறங்கிட்டாக. சரின்னு இவுக ஸ்டீயரிங்க வாங்கிக்கிட்டு, "நீங்க சும்மா வராதீங்கம்மா, வேக முள்ளப் பாருங்க. நாப்பதத் தாண்டுதான்னு மட்டும் பாத்துக்கிட்டே வாங்க, பயம் போயிரும்"னுருக்காக. டீச்சரும் முள்ளையே பாத்துக்கிட்டு வந்திருக்காக.

அந்நேரம் பின்னாலேருந்து ஒரு வெள்ளைக் காரு. கட்சிக்கொடி கட்டுனது. விருட்டுன்னு இவுகளத் தாண்டிப் போயிருக்கு. முன்னால மரத்தடியில போலீசு நிக்குது, கையில வேகம் பாக்குத மிஷினு. வெள்ளைக் கார யாரும் நிறுத்தலை. அப்ப மட்டும் தலைய நிமித்திப் பாத்த டீச்சர், நின்ன போலீசுல ஒருத்தர் சல்யூட்கூட அடிச்சாருன்னு சொன்னாக. இவுக அதச் சொல்லலை. தான் பாக்காத எதையும் சொல்ல மாட்டாக. பின்னால வந்த இவுகளக் கையக் காட்டி ஓரங்கட்டிட்டாங்க.

எஸ்.ஐ. சின்ன வயசு. எங்க கைலாசத்தைவிட நாலஞ்சு வயசு மூப்பு இருக்கும். கைலாசம் எங்க மகன்.

"அறுபத்தஞ்சு. ஃபைனக் கட்டு"ன்னாராம்.

"சார், நான் நாப்பதுலதான் வந்தேன். அது என்னைத் தாண்டிப் போச்சுல்லா, அந்த வண்டியோட வேகம்."

"மிஷின் பொய் சொல்லுமா?"

"மிஷின் பொய் சொல்லாது சார். யாரப் பாத்துச் சொல்லுச்சுன்னுதான் கேக்கேன்."

அதுக்கு அவரு, "எனக்கே பாடம் எடுக்கியா நீ? அதெல்லாம் உன் ஸ்கூல்ல வச்சுக்கோ"ன்னுட்டாரு. நீன்னு. தலை நரைச்ச மனுசன, பழக வந்த பொம்பளை முன்னால. பக்கத்துல ஏட்டு தளவாய் நின்னாரு. இவுககிட்டக் கார் ஓட்டக் கத்துக்கிட்டவருதான். வாயத் திறக்கலையாம், தரையப் பாத்துக்கிட்டு நின்னாராம். அவரக் குத்தம் சொல்ல மாட்டேன் தம்பி. மேலதிகாரி முன்னால அவரு என்ன செய்வாரு, புள்ளைகுட்டிக்காரரு.

இவுக என்ன சொன்னாக தெரியுமா? "சரி சார், எனக்குப் போடுங்க. அந்த வெள்ளை வண்டிக்கும் போடுங்க. அவருக்குள்ளதையும் நானே கட்டுதேன். ஆனா அவரு பேருல போடுங்க"ன்னுருக்காக. எந்த எஸ்.ஐ.க்குத்தான் கோவம் வராது? ஃபைனப் போட்டு, "கோர்ட்டுல போய்ப் பேசிக்கோ"ன்னு அனுப்பிட்டாரு. "பேசிக்கிடுதேன்"னு இவுகளும் வந்துட்டாக.

நான் அன்னைக்கே சொன்னேன். "கட்டிட்டுப் போங்களேன். ரோட்டுல போற எல்லாரையுமா நிறுத்த முடியும்? கையில கிடைச்சவன நிறுத்துதாங்க. மழை பெய்யும்போது யாரு தலையில விழுதோ அவன் நனைய வேண்டியதுதான். மழைகிட்டப் போய் ஞாயம் கேப்பீகளா?"ன்னேன். சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே என்னைப் பாத்தாக. "மழை ஆளு பாத்துப் பெய்யாது உலகு"ன்னாக.

ஊர் வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில, "என்ன மாஸ்டர், எங்களுக்கு நாப்பது, உங்களுக்கு அறுபத்தஞ்சா?"ன்னு கேட்டிருக்கானுவ. எல்லாம் அவுககிட்டப் படிச்ச பயலுவதான். விளையாட்டுக்குத்தான் கேட்டாங்க. இவுகளுக்கு அது விளையாட்டா இல்லை. காபியப் பாதியில வச்சுட்டு வந்துட்டாக. ஒரு அம்மா தன் மகள கார் பழக அனுப்புறேன்னு சொல்லியிருந்தவுக, அப்புறம் அனுப்பலை. அது வேற காரணமாக்கூட இருக்கலாம். இவுக இதுனாலதான்னு நினைச்சாக. ராத்திரி தூக்கமில்லாம மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கிடப்பாக. "நான் போகலை உலகு, நான் அந்த வேகத்துல போகலை"ம்பாக. "எனக்குத் தெரியும், தூங்குங்க"ம்பேன். நிசமாவே எனக்குத் தெரியும் தம்பி. என்னைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனப்பகூட நாப்பதத் தாண்டாத ஆளு. நான் வலியில கத்துதேன், இவுக லாரிக்கு வழி விட்டுக்கிட்டு இருக்காக.

கோர்ட்டுல தேதி கொடுத்தாங்க. போனா ஜட்ஜ் லீவு. மறுபடி தேதி. அன்னைக்கு வக்கீல் எல்லாரும் வேலை நிறுத்தம். இப்படியே போச்சு. ஒவ்வொரு தடவையும் ரெஜினா டீச்சரும் லீவு போட்டுக்கிட்டு வந்தாக. "நான் முள்ளப் பாத்தேன், அத ஜட்ஜ்கிட்டச் சொல்லாம விட மாட்டேன்"னு அவுகளுக்கும் ஒரு வைராக்கியம். டீச்சருக்கென்ன, மாசம் பொறந்தா சம்பளம்.

அந்தச் சமயத்துலதான் கைலாசத்துக்கு வெளிநாட்டுல வேலை கூடி வந்துச்சு. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தான். ஒருநாள் தளவாய் வீட்டுக்கு வந்தாரு. இவுக வகுப்புக்குப் போயிருந்தாக. தண்ணி கொடுத்தேன், குடிச்சாரு. "அக்கா, தம்பியோட பேப்பர் எங்க ஸ்டேஷனுக்குத்தான் விசாரணைக்கு வரும். மாஸ்டர் இப்படிக் கேஸு, கோர்ட்டுன்னு நிக்கதப் பாத்தா எஸ்.ஐ. அய்யாவுக்கு ஒரு மாதிரியா இருக்கு. நான் ஒண்ணும் சொல்லலைக்கா. நீங்களே யோசிச்சுக்கிடுங்க"ன்னாரு. வேற யாரு வந்து சொல்லுவா? மாஸ்டர்கிட்டக் கத்துக்கிட்ட நன்றி இருந்ததாலதான வேலை மெனக்கெட்டு வீடு தேடி வந்தாரு. போகும்போது, "நான் வந்தது மாஸ்டருக்குத் தெரிய வேண்டாம்"னாரு. பெருந்தன்மை, பாத்துக்கிடுங்க.

நீங்களே சொல்லுங்க தம்பி. ஒத்தப் புள்ள. நான் என்ன செய்யட்டும்? ஒருபக்கம் அவன் வாழ்க்கை. இன்னொருபக்கம் ஒரு ஃபைன். இவுககிட்டச் சொன்னா கேக்கவா போறாக? பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புல கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அங்க இருந்த புள்ள வண்டி நம்பரக் கேட்டுச்சு. சொன்னேன். தட்டுச்சு, பணத்த வாங்குச்சு, "முடிஞ்சிட்டும்மா"ன்னுச்சு. ஒரு காபி ஆத்திக் குடிக்கிற நேரந்தான். இவ்வளவு நாளா வீட்டப் பிடிச்சு ஆட்டுன பேயி அந்த நேரத்துல இறங்கிட்டுது. நேரா கோயிலுக்குப் போய்ச் சூடம் கொளுத்திட்டு வந்தேன்.

மறுநாளுதான் கோர்ட்டு. காலையில அவுக வெள்ளைச் சட்டையத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டாக. "இன்னைக்கு ஜட்ஜு இருக்காங்களாம் உலகு. இன்னைக்குக் கேட்டுருவாங்க"ன்னாக. முகத்துல ஒரு தெளிச்சி. கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி. நான் இட்லி வச்சேன். சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சாப்பிடுத மனுசன்கிட்ட எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு விட்டுட்டேன். கேஸு இல்லைன்னு கோர்ட்டுலயே சொல்லப் போறாங்க, பெரிய மனுசங்க வாயால கேட்டா ஏத்துக்கிடுவாகன்னு நினைச்சேன். தப்பா?

அங்க நடந்ததை எனக்கு ரெஜினா டீச்சர்தான் சொன்னாக. சாயந்திரம் வீட்டு வாசல்ல நின்னு. உள்ள வாங்கன்னேன், வரலை.

பேரைக் கூப்பிட்டதும் இவுக போய் நின்னுருக்காக. டீச்சர் பின்னால. ஜட்ஜம்மா தாளப் பாத்துட்டு, "ஃபைன் கட்டியாச்சே. அப்புறம் எதுக்கு வந்திருக்கீங்க?"ன்னாங்களாம்.

"நான் கட்டலைம்மா"ன்னுருக்காக.

"நேத்தே கட்டியிருக்கு. குத்தத்த ஒத்துக்கிட்டுத்தானே பணம் கட்டியிருக்கீங்க? நீங்க கட்டலைன்னா வேற யாரு கட்டுனா? உங்க பேர்ல அடுத்தவங்க கட்டுனாங்கன்னா அது யாருன்னு சொல்லுங்க, கூப்பிட்டு விசாரிப்போம்."

இவுக முன்னால இருந்த கூண்டுக் கட்டையப் பிடிச்சுக்கிட்டாகளாம். டீச்சர் முன்னால வந்து, "அம்மா, நான் சாட்சி, நான் முள்ளப் பாத்தேன்"னு தொடங்கியிருக்காக. இவுக கையக் காட்டி நிப்பாட்டிட்டாக. அப்புறம், "நான்தாம்மா கட்டுனேன். மறந்துட்டேன். மன்னிச்சுருங்க"ன்னுருக்காக.

"அப்ப வேகமா போனத ஒத்துக்கிடுறீங்க?"

"ஆமாம்மா. போனேன்."

டீச்சர் அதச் சொல்லிட்டு அழுதாக. "மாஸ்டர் வாயிலேருந்து அந்த வார்த்தை வரும்னு நான் நினைக்கவே இல்லை. யாரு கட்டுனா? உங்களுக்குத் தெரியுமா?"ன்னாக. நான் ஏன் சொல்லணும்? "அவுகளே கட்டுனேன்னு சொல்லிட்டாகல்லா டீச்சர், அப்புறம் என்ன"ன்னேன். என்னை ஒரு பார்வை பாத்தாக. அதுக்குப் பெறகு இந்தப் பக்கம் வரலை. காரும் பழகலை.

இவுக வீட்டுக்கு எப்பம் வந்தாகன்னு கேளுங்க. மத்தியானமே வந்துட்டாக. நான் பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன். கத்துவாக, தட்டைத் தூக்கி எறிவாகன்னு நினைச்சேன். ஒண்ணுமில்லை. கைகால் கழுவிட்டு உக்காந்தாக. சோறு போட்டேன். ரெண்டாவது வாய் எடுக்கும்போது, "கைலாசம் பேப்பர் சரியாயிட்டா?"ன்னாக. அவ்வளவுதான். "ஆயிரும்"னேன். தலைய ஆட்டிக்கிட்டாக. சாப்பிட்டு முடிச்சு, கையைக் கழுவிட்டு, எந்திரிச்சுப் போனாக. பாத்தீகளா, அவுகளுக்கே புரிஞ்சுபோச்சு. புள்ளை மேல பாசம் இல்லாமயா?

கைலாசம் நல்லபடியாப் போய்ச் சேந்தான். இப்ப போன்ல பேசும்போது சொல்லுதான், "அம்மா, என் விசாரணை ரிப்போர்ட் கேஸு முடியுததுக்கு முந்தியே போயிட்டு. ஒருத்தர் தெருவுக்கு வந்து கேட்டுட்டு அன்னைக்கே அனுப்பிட்டாங்க. அப்பா கேஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது"ங்கான். சின்னப் புள்ளை, அவனுக்கு என்ன தெரியும்? சம்பந்தம் இல்லைன்னா தளவாய் எதுக்கு வீடு தேடி வரணும்? அந்த எஸ்.ஐ.யும் மாத்தலாகிப் போயிட்டாரு. அவருக்கு இவுக பேருகூட ஞாபகம் இருக்காது.

இவுகதான். அந்த வாரமே டிரைவிங் ஸ்கூல் போர்டைக் கழத்திட்டாக. "ஏன்?"னேன். "வேகமா போற ஆளுகிட்ட யாரு படிப்பா?"ன்னாக. கிண்டலாச் சொன்ன மாதிரியும் இல்லை. வண்டியையும் வெலைக்குக் கொடுத்துட்டாக. பழக வந்து பாதியில நின்ன பயலுவ வாசல்ல வந்து கெஞ்சுனானுவ. வேற இடத்தச் சொல்லி அனுப்பிட்டாக. இப்ப வீட்டுல இருக்கிறதே தெரியாது. வச்சதத் திங்காக. கூப்பிட்டா வருதாக. என்னை ஒரு வார்த்தை கேக்கலை தம்பி, இன்னைக்கு வரைக்கும். "நீயா கட்டுனே?"ன்னு ஒரு கேள்வி. கேட்டாச் சொல்லிருவேன். ரெண்டு அடி அடிச்சாக்கூட வாங்கிக்கிடுவேன். கேக்க மாட்டாக. நானாச் சொல்லலாம்தான். கேக்காத மனுசன்கிட்ட எப்படிச் சொல்ல? எதையாவது பேசட்டுமேன்னு உப்பைக் கூடப் போட்டுப் பாத்தேன் ஒருநாள். தண்ணிய ஊத்திக்கிட்டுச் சாப்பிட்டாக.

என்ன கேட்டீக? எங்க போறோம்னா? திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரிக்கு. அவுகளுக்குத்தான். கொஞ்ச நாளா ரோட்டக் கடக்க முடியலை. கடைக்கு அனுப்புனா ரோட்டோரத்துலயே நிப்பாக. போன வாரம் காய்கறி வாங்கப் போன ஆளு வரலையேன்னு பாக்கப் போனேன். பையை வச்சுக்கிட்டு நிக்காக. ரோடு வெறிச்சுன்னு கிடக்கு. எங்கியோ தூரத்துல ஒரு மாட்டு வண்டி வருது, அம்புட்டுத்தான். "வாங்க, ஒண்ணும் வரலை"ன்னேன். "அந்தா வருதே"ன்னாக. "அது வாறதுக்குள்ள நாலு தடவை கடக்கலாம்"னேன். அசையலை. "எவ்வளவு வேகத்துல வருதுன்னு எனக்குச் சொல்லத் தெரியலை உலகு"ன்னாக. பச்சைப்புள்ளை மாதிரி. அன்னைக்குத்தான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாக, ரொம்ப நாளைக்குப் பெறகு.

எங்க ஊர் டாக்டரு பாத்துட்டுக் கண்ணுல ஒரு குறையும் இல்லைங்காரு. பொடி எழுத்தெல்லாம் கடகடன்னு வாசிச்சாகளாம். அவரு சின்ன டாக்டரு. மிஷின் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில காட்டுனா என்னன்னு தெரிஞ்சிரும். கண்ணுதான் தம்பி. கண்ணைத் தவிர வேற என்ன இருக்க முடியும்?

இந்தா ஜங்ஷன் வந்துட்டு. நீங்களும் இங்கதான் இறங்குதீகளா? நல்லதாப் போச்சு. ஒரு உதவி செய்வீகளா தம்பி? இறங்குனதும் ரோட்டக் கடந்துதான் டவுன் பஸ் பிடிக்கணும். அதுவரைக்கும் அவுக கையக் கொஞ்சம் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. வெளியாளு பிடிச்சா சத்தம் காட்டாம வருவாக.

நான் பிடிக்கலாம்தான். நான் பிடிச்சா மெதுவா உருவிக்கிடுதாக. வயசாயிட்டுல்லா, நாலு பேரு பாக்க பொண்டாட்டி கையப் பிடிக்க ஒரு கூச்சம். வேற ஒண்ணுமில்லை.